சி டிரைவுக்கு முன்னால் இருந்தவை

கணினி தெரியும் என்று சொல்லும் ஒருவருக்கு, பெரும்பாலும், தெரிந்திருப்பது ஒரே ஓர் இயங்குதளத்தின் பழக்கங்கள்தாம் என்பதும், அந்தப் பழக்கங்களையே அவர் கணினியின் இயல்பாகக் கருதி வந்திருக்கிறார் என்பதும், இன்னோர் இயங்குதளத்தின் முன் அமரும் வரை அவருக்கே புலப்படுவதில்லை. இயங்குதளம் என்பது வன்பொருளுக்கும் பயனருக்கும் நடுவில் நின்று, நினைவகத்தைப் பங்கிட்டு, கோப்புகளை ஒழுங்குபடுத்தி, விசைப்பலகை முதல் அச்சுப்பொறி வரை அனைத்தையும் நிரல்களின் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் அடிப்படை மென்பொருள். விண்டோஸில் பல ஆண்டுகள் பழகியவர் லினக்ஸுக்குள் நுழையும்போது தடுமாறுவது அறியாமையால் அன்று. கை பழகிய வழி அவரைப் பின்னுக்கு இழுப்பதால்தான்.

சி டிரைவையே எடுத்துக்கொள்ளலாம். 1981-இல் வெளிவந்த ஐபிஎம் பிசியில் பிளாப்பி டிரைவுகளுக்கு ஏ, பி என்ற எழுத்துகள் வழங்கப்பட்டிருந்தன. பின்னர் வந்த வன்தட்டுக்கு அடுத்த எழுத்தான சி கிடைத்தது. பிளாப்பிகள் வழக்கொழிந்த பிறகும் அந்த எழுத்து மாறவில்லை. அன்றாடம் சி டிரைவைத் திறப்பவருக்கு ஏயும் பியும் எங்கே போயின என்ற கேள்வி எழுவதே இல்லை. லினக்ஸில் டிரைவ் எழுத்துகளே கிடையா. சாய்கோடு ஒன்றால் குறிக்கப்படும் ஒற்றை வேரிலிருந்து எல்லாக் கோப்புறைகளும் கிளைக்கின்றன. செருகப்படும் பென் டிரைவும் அந்த மரத்தின் ஒரு கிளையில் கோப்புறையாக வந்து இணைகிறது. மவுண்ட் எனப்படும் இந்த இணைப்பைப் புரிந்துகொண்டவருக்குத்தான், சி என்பது இயற்கை விதியன்று, யாரோ ஒரு காலத்தில் செய்த ஏற்பாடு என்பது விளங்குகிறது.

தொடக்கநிலையில் இருப்பவரை அதைவிட அதிகமாகக் கலங்கவைப்பது டெர்மினலின் மௌனம். டெர்மினல் என்பது கட்டளைகளை எழுத்தில் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் சாளரம். அங்கே மென்பொருள் ஒன்றை நிறுவ முற்படும்போது கடவுச்சொல் கேட்கப்படுகிறது; தட்டத் தட்ட, வழக்கமாகத் திரையில் ஒரு புள்ளிகூட விழுவதில்லை; விசைப்பலகை பழுதாகிவிட்டதோ என்று அவர் அஞ்சுகிறார். அருகில் இருப்பவருக்குக் கடவுச்சொல்லின் நீளம்கூடத் தெரியக்கூடாது என்பதே அந்த வெறுமைக்குக் காரணம். கோப்பொன்றை நகலெடுக்கும் கட்டளையும் வேலை முடிந்ததும் எதையும் சொல்லாமல் அடுத்த வரிக்கு நகர்கிறது. பிழை நேர்ந்தால் மட்டுமே பேசுகிறது. இந்த மௌனத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும், லினக்ஸ் பின்பற்றும் முன்னோடி இயங்குதளமான யூனிக்ஸை உருவாக்கத் தொடங்கிய காலத்தில் திரைகளுக்குப் பதிலாக, வினாடிக்குப் பத்து எழுத்து என்ற வேகத்தில் தாளில் அச்சிடும் டெலிடைப் பொறிகளே இருந்தன; தேவையற்ற ஒவ்வொரு சொல்லும் தாளையும் நேரத்தையும் தின்றது. மேலும், ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்கு உள்ளீடாக அனுப்பும் பைப் என்ற முறை 1973-இல் வந்தபின், வீண் சொற்கள் அடுத்த நிரலைக் குழப்பவும் கூடும் என்றாயிற்று.

லினக்ஸின் பிறப்பே ஒரு மாணவரின் கற்றல் முயற்சிதான். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் வாங்கிய 386 கணினி எவ்வாறு இயங்குகிறது என்று அறியும் ஆவலில், பாடம் நடத்துவதற்கென ஆண்ட்ரூ டானன்பாம் எழுதியிருந்த மினிக்ஸ் என்ற இயங்குதளத்தை நிறுவிப் பழகி, 1991-இல் தமது கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் உட்கருவை, வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 21. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனு திட்டத்தின் கருவிகளோடு அது சேர்ந்ததால் முழுமையான இயங்குதளம் கிடைத்தது. ஆண்ட்ராய்டு கைபேசியும் அதே கெர்னலின் மேல்தான் இயங்குகிறது என்பதால், லினக்ஸ் அந்நியமானது என்று எண்ணுபவரின் சட்டைப்பையிலேயே அது இருக்கக்கூடும்.

கற்கும் முறையில்தான் பலர் இடறுகின்றனர். கட்டளைப் பட்டியலை மனப்பாடம் செய்வது பயன் தராது. நாள்தோறும் செய்யும் ஒரு வேலையை, ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்து அச்சிடுவதையோ புகைப்படங்களை அடுக்குவதையோ, புதிய தளத்தில் செய்து முடிப்பதே நல்ல தொடக்கம். பொருள் விளங்காத கட்டளையை எங்கிருந்தோ எடுத்து ஒட்டி இயக்குவது ஆபத்தானது. அழிக்கும் கட்டளை கோப்பைக் குப்பைத்தொட்டிக்கு அனுப்பாமல் நேரே அழித்துவிடும். மேன் என்ற சொல்லுக்குப் பின் கட்டளையின் பெயரைத் தட்டினால் அதன் கையேடு திரையிலேயே விரியும். அதில் முதல் பத்தியை மட்டுமாவது படித்தபின் இயக்குவது ஒரு மணி நேரத் துயரத்தைத் தவிர்க்கும். எல்லா மென்பொருள்களும் லினக்ஸில் கிடைப்பதில்லை என்பதையும் மறைக்கத் தேவையில்லை. ஃபோட்டோஷாப்பை நம்பித் தொழில் செய்பவர் விண்டோஸையும் வைத்துக்கொள்வதே நன்று.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்த நிலையில், விண்டோஸ் 11-ஐ ஏற்க முடியாத பழைய மடிக்கணினிகள் பல வீடுகளில் இருக்கும். அவற்றைப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுக்கும் முன், லினக்ஸ் மிண்ட் போன்ற ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே அதிலிருந்து நேரடியாக இயக்கிப் பார்க்கலாம். கணினியை அணைத்து, பென் டிரைவை எடுத்துவிட்டு மீண்டும் தொடங்கினால், பழைய விண்டோஸ் எந்த மாற்றமும் இன்றி அப்படியே திறக்கும்.