ஈன்ற தாயும் ஏன்ற தாயும்

தாய் என்னும் சொல்லைக் கேட்டு உள்ளம் உருகாதவர் இல்லை. ஈன்றெடுத்தவளைத் தாய் என்று உலகம் வழங்குகிறது. ஆயினும் நம் பக்தி மரபு, ஈன்ற தேவகியைக் காட்டிலும் வளர்த்த யசோதையையே கண்ணனின் அன்னையாகப் பாடி மகிழ்கிறது. இஸ்லாமிய மரபிலோ, நபிகள் நாயகம் அவர்களுக்குக் குழந்தைப் பருவத்தில் பாலூட்டி வளர்த்த ஹலீமா அம்மையார் பெரிதும் போற்றப்படுகிறார். தாய்மை உதிரத்தால் மட்டும் வருவதன்று. ஏற்றுக்கொள்ளும் மனத்தால் வருவது என்பதை இருவர் வாழ்வும் உணர்த்துகின்றன.

இவ்வுண்மை பழங்கதையோடு முடிந்துவிடவில்லை. கேரளத்தில், பாலக்காட்டை அடுத்துள்ள மலப்புரம் மாவட்டத்தில், நீலகிரி மலைச்சரிவுக்கு அருகே காளிகாவு என்னும் ஊர் இருக்கிறது. அங்கே வாழ்ந்து 2019ஆம் ஆண்டு இறைவனடி சேர்ந்த சுபைதா அம்மையார், ஈன்ற தாயாகவும் ஏன்ற தாயாகவும் ஒருசேர விளங்கியவர்.

அவருடைய இல்லத்தில் ஓர் இந்துப் பெண்மணி பணிபுரிந்து வந்தார். 1970களில் அப்பெண்மணி திடீரெனக் காலமானார். இரண்டு சிறுமியரும் ஸ்ரீதரன் என்னும் பச்சிளம் பாலகனும் தாயற்றவர் ஆயினர். துக்க வீட்டிற்குச் சென்ற சுபைதா அம்மையார் தனியே திரும்பவில்லை. பாலகனை இடுப்பில் ஏந்தி, சிறுமியர் இருவரும் பின்தொடரத் தம் இல்லம் வந்து சேர்ந்தார். கணவர் அப்துல் அஸீஸ் ஹாஜியும் அவர்களை மனமுவந்து ஏற்றார். பெற்ற பிள்ளைகளோடு இம்மூவரும் ஒரே கூரையின்கீழ் வளர்ந்தனர். அம்மையாரின் மகன்களுள் ஒருவரும் ஸ்ரீதரனும் ஏறத்தாழ ஒத்த வயதினர். இருவரும் இரட்டையர்போல் வளர்ந்தார்கள்.

அநாதைக் குழந்தைக்குச் சோறிடுவது புண்ணியம். தன் பிள்ளையாகவே ஏற்பது அதனினும் மேலான புண்ணியம். இவை இரண்டினும் அரியது ஒன்று உண்டு: வளர்த்த பிள்ளையிடம் கைம்மாறு கேளாமல் இருப்பது. அம்மையாரின் பெருமை இங்கேதான் முழுமை பெறுகிறது. அவர் தொழுகை தவறாத இஸ்லாமியர். எனினும் தம் நெறிக்கு மாறும்படி அம்மூவரையும் அவர் ஒருநாளும் வற்புறுத்தவில்லை. அவர்கள் விரும்பியபோது கோயிலுக்குச் செல்ல வழிசெய்தார். எல்லாச் சமயங்களும் கூறுவது மனிதரை நேசிப்பதும் உதவுவதுமே என்று அறிவுறுத்தினார். பொய் சொல்லாதே, திருடாதே, பிறரைத் துன்புறுத்தாதே என்பவையே அவ்வீட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான பாடங்கள்.

அப்படியானால் தம் சமயத்தில் அவருக்குப் பற்றுக் குறைவோ என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறன்று. ஆழ வேரூன்றிய மரம், பக்கத்தில் வேறொரு மரம் தழைப்பது கண்டு அஞ்சுவதில்லை. தம் இறைவனிடம் முழு நம்பிக்கை வைத்தவர் என்பதனால்தான், பிள்ளைகள் நெற்றியில் சந்தனம் துலங்கினாலும் அவர் உள்ளம் கலங்கவில்லை.

அம்மையாரின் தாய்மை இல்லத்தின் வாயிலோடு நின்றுவிடவில்லை. கல்விக்கும் மருத்துவத்திற்கும் உதவி நாடி வந்தோர்க்குச் சாதி, சமயம் பாராமல் வழங்கினார். தந்தைவழி வந்த நிலத்தையும் விற்று ஈந்தார். சேர்த்து வைத்தது குறைந்தது. வாழ்த்திய உள்ளங்களோ பெருகின.

அம்மையார் மறைந்தபோது ஸ்ரீதரன் ஓமன் நாட்டில் பணியில் இருந்தார். தம் உம்மா இறைவனிடம் சென்றுவிட்டார் என்றும், அவருக்காகப் பிரார்த்தியுங்கள் என்றும் முகநூலில் எழுதினார். உம்மா என்பது அப்பகுதி இஸ்லாமியர் தாயை அழைக்கும் சொல். ஸ்ரீதரன் என்னும் பெயருடையவர் எவ்வாறு உம்மா என்று அழைக்கலாம் எனப் பலர் ஐயுற்றனர். அதற்கு விடையாகவே தாம் வளர்ந்த வரலாற்றை அவர் எடுத்துரைத்தார். அம்மையார் வாழ்நாளில் விளம்பரப்படுத்தாத நற்செயலை, அவர் மறைவுக்குப்பின் மகனின் கண்ணீர் உலகறியச் செய்தது. பின்னர் இவ்வரலாறு, சித்திக் பரவூர் இயக்கத்தில் ‘என்னு ஸ்வந்தம் ஸ்ரீதரன்’ என்னும் மலையாளத் திரைப்படமாகி 2023ஆம் ஆண்டு திரையிடப்பட்டது.

அன்பர்களே! சேவை செய்யும் ஒவ்வொருவரும் தம் உள்ளத்தை ஒருமுறை சோதித்துப் பார்க்க இவ்வரலாறு அழைக்கிறது. உணவளிக்கும் கை, உண்பவரின் பெயரையும் குலத்தையும் கேட்கிறதா? உதவிபெற்றவர் நம் சொற்படி நடக்கவில்லையெனில் மனம் சினங்கொள்கிறதா? பெற்ற பிள்ளைகளிடத்தும் ‘உன்னை வளர்த்தேனே’ என்று கணக்குக் காட்டுகிறோமா? அவ்வாறாயின் நாம் அளித்தது அன்பன்று, கடன். கடன் பெற்றவர் தலைகுனிந்து நிற்பார். அன்பு பெற்றவரோ தலைநிமிர்ந்து வாழ்வார். ஸ்ரீதரன் தம் பெயரையும் இழக்கவில்லை, தம் உம்மாவையும் இழக்கவில்லை. அதுவே அம்மையார் அளித்தது அன்பு என்பதற்குச் சான்று.

மறைந்த அன்னையர்க்கு மலரும் தீபமும் சமர்ப்பித்து நினைவுகூர்வது நன்று. அவர்கள் கைவிட்டுப் போன பணியை நம் கையில் ஏற்பது அதனினும் நன்று. நம் தெருவிலும் தாயை இழந்த குழந்தை இருக்கக்கூடும். தனிமையில் வாடும் முதியவர் இருக்கக்கூடும். நிபந்தனை இன்றி ஓர் உயிரையேனும் நம்முடையதென்று ஏற்கும் பரந்த மனத்தை எல்லாம் வல்ல இறைவன் அனைவருக்கும் அருள்வாராக.