மன்னிப்பும் சம்மதமும்

கேட்காத ஒருவரை மன்னிக்கலாம். கேட்காத ஒருவரை நேசிக்கவும் செய்யலாம். கேட்காத ஒருவரை மணந்துகொள்ளலாமா? பிரான்ஸின் ரிவர்ஸின் 'ரிடீமிங் லவ்' நாவலைப் படித்து முடித்தபின் என்னிடம் தங்கிய கேள்வி இது. நாவல் இதைத் தன் கேள்வியாக ஏற்கவில்லை என்பது வேறு விஷயம்.

அமெரிக்கக் கிறிஸ்தவக் காதல் நாவல் என்ற வகையைச் சேர்ந்தது இது. 1979இல் ஜேனட் ஓக்கின் 'லவ் கம்ஸ் ஸாஃப்ட்லி' வந்ததற்குப் பிறகு அங்கே தனிச் சந்தையாகவே வளர்ந்துவிட்ட வகை. இதற்கும் இதன் வாசகிக்கும் இடையே எழுதாத ஒப்பந்தம் ஒன்று உண்டு. காதல் இருக்கும், உடல் மறைவில் நிற்கும், கடைசிப் பக்கத்துக்குள் காதலர்கள் ஒருவரையொருவரும், இருவரும் கடவுளையும் கண்டடைந்துவிடுவார்கள். ரிவர்ஸ் முதலில் இந்த வேலிக்கு வெளியே சாதாரணக் காதல் நாவல்கள் எழுதிக்கொண்டிருந்தவர். 1986இல் விசுவாசியான பிறகு அவர் எழுதிய முதல் நாவல் இது. 1991இல் பொதுப் பதிப்பகம் ஒன்றின் மூலம் வந்து, 1997இல் கிறிஸ்தவப் பதிப்பகத்தின் திருத்திய பதிப்பாக மறுபடி வந்தது. 2022இல் திரைப்படமும் ஆயிற்று. சந்தைச் சரக்கு என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிடுவது நம் வட்டத்தில் சுலபம். அப்படி ஒதுக்கினால் அது எடுத்துக்கொண்ட பிரச்னையையும் சேர்த்து ஒதுக்கியவர்கள் ஆவோம்.

பிரச்னை பழையது. கி.மு. எட்டாம் நூற்றாண்டு இஸ்ரவேலின் தீர்க்கதரிசி ஓசியா. சோரம் போகும் பெண்ணொருத்தியை மணக்கும்படி அவருக்குக் கடவுள் கட்டளையிடுகிறார். அவர் கோமேரை மணக்கிறார். பிறக்கும் மூன்று குழந்தைகளுக்கும் தண்டனைத் தீர்ப்புகளே பெயர்களாகின்றன. மூன்றாம் அதிகாரத்தில் பெயர் சொல்லாத ஒரு பெண்ணை (கோமேர்தான் என்று பொதுவாகக் கொள்கிறார்கள்) 15 வெள்ளிக்காசும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும் கொடுத்து மீட்டுக்கொள்கிறார். இந்த மணவாழ்க்கை ஒரு அடையாளம். தன்னை விட்டுப்போன ஜனத்தைக் கடவுள் கைவிடவில்லை என்பது அதன் பொருள். அடையாளமாக இருக்கும்வரை கோமேர் என்ன நினைத்தாள் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. அவள் பெயரில் ஒரு பேச்சும் அங்கே இல்லை.

ரிவர்ஸ் கோமேருக்குப் பேச்சுக் கொடுக்கிறார். கதை 1850களின் கலிபோர்னியாவுக்கு, தங்கம் தேடி ஓடிவந்தவர்களின் ஊர்களுக்கு மாறுகிறது. எட்டு வயதில் விற்கப்பட்ட பெண் வளர்ந்து, 'ஏஞ்சல்' என்ற தொழிற்பெயரோடு ஒரு விடுதி மாடியில் இருக்கிறாள். மைக்கேல் ஹோஸேயா என்ற விவசாயி அவளைத் தெருவில் பார்க்கிறான். இவள்தான் என்று உள்ளே குரல் கேட்கிறது. காசு கொடுத்து அவள் அறைக்குப் போய்ப் பேசிவிட்டு மட்டும் திரும்புகிறான். அவள் சிரிக்கிறாள், ஏசுகிறாள், விரட்டுகிறாள். நாவலில் உயிருள்ள பகுதி இதுதான். நல்லவர்களிடம் அவளுக்கு இருக்கும் அவநம்பிக்கையை ரிவர்ஸ் மழுப்பவில்லை. தன்னைக் காப்பாற்ற வருகிறவனும் தன்னிடமிருந்து ஏதோ ஒன்றைப் பெறத்தான் வருகிறான் என்று அவள் அனுபவம் அவளுக்குச் சொல்லியிருக்கிறது. வாசகனாலும் உடனே மறுக்க முடியாத அனுபவம் அது.

அடுத்து வருவது கல்யாணம். விடுதிக் காவலன் அவளைச் சாகும் அளவுக்கு அடித்துப் போட்டிருக்கிறான். நினைவு பாதியும் மயக்கம் பாதியுமாகக் கிடப்பவளிடம் மைக்கேல் கேட்கிறான். ஆனால் என்ன என்பதுபோல் ஒரு முனகல் வருகிறது. கண் விழிக்கும்போது அவள் அவனுடைய மனைவி. இந்த இடத்தை ரிவர்ஸ் தயக்கமின்றிக் கடந்துபோகிறார். குரல் முன்பே சொல்லிவிட்டதல்லவா, முனகல் வெறும் சம்பிரதாயம்தானே!

நான் பிழைப்புக்குக் கணக்குப் புத்தகங்களோடு காலம் கழிக்கிறவன். வாராக்கடனைத் தள்ளுபடி செய்ய வங்கிக்குக் கடனாளியின் கையெழுத்து வேண்டாம். அவனுக்குத் தெரியாமலேகூட அது நடந்து முடியலாம். புதிதாக ஒரு பத்திரம் எழுதவோ அவன் நேரில் வந்து, படித்து, கையெழுத்திட வேண்டும். மன்னிப்பு முதல் வகை. அது மன்னிப்பவனின் புத்தகத்திலேயே முடிந்துவிடக் கூடியது. மணவாழ்க்கை இரண்டாம் வகை. ஓசியாவின் உருவகத்தில் கடவுளின் மன்னிப்பும் கணவனின் உரிமையும் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. உருவகம் அதைத் தாங்கும். மனுஷியாகிவிட்ட ஏஞ்சல் எப்படித் தாங்குவாள்? அவள் திரும்பத் திரும்ப ஓடிப்போவதற்கு ரிவர்ஸ் தரும் காரணங்கள் அவமானமும் பயமும். எனக்கு இன்னொன்றும் படுகிறது: தான் போடாத கையெழுத்தை அவள் மறுக்கிறாள்.

விசுவாசி இதற்குச் சொல்லும் பதிலும் எளிதில் தள்ளிவிடக் கூடியதல்ல. கிருபை என்பதே கேட்பதற்கு முன்னால் வருவது, தகுதி பாராதது. முழுகுகிறவனிடம் சம்மதம் கேட்டா கை கொடுக்கிறோம் என்பார் அவர். சரி. கரையேற்றியபிறகு? மைக்கேலை அவள் கடவுளுடைய இடத்தில் வைத்துவிடும் அபாயத்தை நாவலே ஓரிடத்தில் உணர்ந்திருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் அவனை முதலில் உட்கார்த்தியது கதையின் அமைப்புதான். அவனுக்குக் கோபம் வருகிறது, சலிப்பு வருகிறது; சில பக்கங்களுக்குள் குரல் வந்து தீர்த்துவைக்கிறது. மன்னிக்காமலே போய்விடக்கூடும் என்ற நிலையில் அவனை ஒருநாளும் நாம் பார்ப்பதில்லை. மன்னிப்பின் விலை அதனால் நமக்குத் தெரிவதுமில்லை.

டால்ஸ்டாயின் 'புத்துயிர்ப்பு' (1899) இதே நிலத்தில் நடக்கிறது. தான் கெடுத்த மாஸ்லவாவை விபசாரியாகக் குற்றவாளிக் கூண்டில் பார்க்கிறான் நெஹ்லூதவ். ஜூரியில் ஒருவனாக உட்கார்ந்திருக்கிறான். மணந்துகொள்வதாகச் சிறையில் போய்ச் சொல்கிறான். அவளுக்கு வருவது ஆத்திரம். முன்பு தன் உடலை அனுபவித்தவன் இப்போது தன்னைக் கொண்டு மோட்சத்தை வாங்கப் பார்க்கிறான் என்பது அவள் குற்றச்சாட்டு. கடைசியில் அவனை விட்டு, சைமன்ஸன் என்ற அரசியல் கைதியோடு போவதைத் தேர்கிறாள். டால்ஸ்டாயும் மத நோக்கத்தோடு எழுதியவர்தான். டுகோபர் என்ற மதப்பிரிவினர் கனடாவில் குடியேற உதவுவதற்காகவே அந்த நாவலை முடித்துக் கொடுத்தார். கடைசிப் பக்கங்களில் மத்தேயுவின் சுவிசேஷத்தைத்தான் திறந்துவைக்கிறார். மத நோக்கம் அவர் நாவலைக் கெடுக்கவில்லை, ஏனென்றால் மறுக்கும் உரிமையை மாஸ்லவாவிடமிருந்து அவர் பறிக்கவில்லை.

ரிவர்ஸும் ஒருமுறை இந்த இடத்துக்கு அருகே வருகிறார். ஏஞ்சல் கடைசியாகப் போகும்போது மைக்கேல் துரத்துவதில்லை. அவள் சான்பிரான்சிஸ்கோவில் மூன்று வருஷம் தன் காலில் நிற்கிறாள், தன்னைப்போன்ற பெண்களுக்கு ஒரு விடுதி நடத்துகிறாள், பிறகு தானாகத் திரும்புகிறாள். திரும்பியவள் அதுவரை ஒளித்துவைத்திருந்த சொந்தப் பெயரைச் சொல்கிறாள்: ஸேரா. விடுதிக்காரன் அவளுக்கு ஒரு பெயர் வைத்தான். மைக்கேலும் மாரா, அமாண்டா, திர்ஸா என்று தன் இஷ்டத்துக்கு வைத்துப் பார்த்தான். இந்தப் பெயரை அவளே தருகிறாள். மயக்கத்தில் நடந்த கல்யாணம் உண்மையில் இப்போதுதான் நடக்கிறது. நாவல் இங்கே முடிந்திருக்கலாம்.

முடியவில்லை. வைத்தியன் கையால் மலடாக்கப்பட்ட அவளுக்கு அற்புதமாகக் குழந்தைகள் பிறக்கின்றன. ஒப்பந்தப்படி வாசகிக்குச் சேர வேண்டிய பாக்கி இது. ஆனால் குழந்தை பெறாதவளாகவே அவள் திரும்பிவந்தாள், அவனும் ஏற்றுக்கொண்டான் என்பதில்தான் அந்த அன்பின் கனம் இருந்தது. பிள்ளைகள் வந்ததும் எல்லாம் சரிக்கட்டப்பட்டுவிடுகிறது.

நமக்கு இதெல்லாம் அந்நியமில்லை. 'சாப விமோசன'த்தில் புதுமைப்பித்தன் மன்னிக்கப்பட்டபிறகு அகலிகை எப்படி வாழ்ந்தாள் என்று கேட்டார். கோதமன் மன்னித்தது அவளுக்குப் போதவில்லை. ஸீதைக்கு நேர்ந்ததைக் கேட்டு மீண்டும் கல்லானாள். ரிவர்ஸைப் படிக்கும் எண்ணற்ற பெண்கள் அழுது ஆறுதல் கொள்கிறார்கள் என்றால் அந்த ஆறுதலை நான் கேலி செய்யமாட்டேன். தாங்களும் வெறுத்து ஒதுக்கப்படாமல் இருக்கலாம் என்ற நம்பிக்கை சிறிய விஷயமில்லை. அவர்களில் யாராவது ஒருத்தி அந்தக் கல்யாணப் பக்கத்துக்குத் திரும்பி, தன்னை யார் கேட்டார்கள் என்று யோசித்தால், அந்த யோசனைக்கும் இடம் தந்திருக்க வேண்டும் ஆசிரியர்.