பட்டணத்தில் ஃபர்ளு கிஃபாயா

“எனக்குத் தெரியாதே ஹஜ்ரத்!” பட்டணவாசிகளிடம் நாம் அதிகமாகக் கேட்கும் வார்த்தை இது. பக்கத்து வீட்டுக்காரர் பத்து நாளாகக் காய்ச்சலில் கிடந்தாராமே என்றால், தெரியாது. மேல்மாடியில் இருந்த விதவைப் பெண் வாடகை கொடுக்க வழியின்றி வீட்டைக் காலி செய்தாராமே என்றால், அதுவும் தெரியாது. அவர்கள் பொய் சொல்லவில்லை, மெய்யாகவே தெரியாது. தெரியாத ஒன்றுக்காக அல்லாஹ் தன் அடியானைப் பிடிப்பானா என்பதுதான் கேள்வி.

நான் திருவட்டாற்றைச் சேர்ந்தவன். எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஒரு வீட்டில் மவுத்தானால் பள்ளிவாசல் ஒலிபெருக்கி அறிவிக்கும் முன்பே கடைத்தெருவுக்குச் செய்தி எட்டிவிடும். குளிப்பாட்ட யார், குழிவெட்ட யார், கஃபன் துணி எடுக்க யார் என்று எவரும் கூடிப் பேச வேண்டியதில்லை. (அடுத்த வீட்டுக் குழம்பில் என்ன மீன் என்பது வரையில் தெரிந்திருப்பது வேறு விஷயம். அதற்குப் பிறகு வருகிறேன்.) குழித்துறையில் மாலை ரயிலேறி, மறுநாள் காலை சென்னையில் இறங்கியவுடன் இந்த அறிவெல்லாம் அறுந்துபோகிறது.

மய்யித்தைக் குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழவைத்து, அடக்கம் செய்வது ஃபர்ளு கிஃபாயா. சிலர் செய்தால் எல்லாருடைய பொறுப்பும் நீங்கும். ஒருவரும் செய்யாவிடில் எல்லாரும் குற்றவாளிகள். இது மக்தபில் ஓதும் சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். ஜனாஸா மட்டுமன்று, பசித்தவனுக்கு உணவளிப்பதையும், உடுக்க வழியற்றவனுக்கு உடை கொடுப்பதையும் நம் ஃபுகஹாக்கள் இதே வரிசையில்தான் வைத்திருக்கிறார்கள். சரி, அந்த “எல்லாரும்” என்பவர் யார்? இலட்சக்கணக்கானோர் வாழும் சென்னையில் ஒருவர் பட்டினி கிடந்தால், அத்தனை பேர் மீதுமா குற்றம்?

ஹிஜ்ரி 676இல் வஃபாத்தான இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ‘ரவ்ளத்துத் தாலிபீன்’ என்னும் கிதாபில் இதற்கு வழிகாட்டியுள்ளார்கள். ஒரு ஃபர்ளு கிஃபாயா கைவிடப்பட்டால், அதை அறிந்தும் சக்தியிருந்தும் செய்யாதவன் குற்றவாளி. அதோடு விடவில்லை. அறியாமல் இருந்தாலும், விசாரித்துக் கவனிக்க வேண்டிய அளவுக்கு அருகில் இருந்தவனும் குற்றவாளியே என்கிறார்கள். அப்பால் இமாமுல் ஹரமைன் (ரஹ்) அவர்களின் கருத்தையும் எடுத்துக் காட்டுகிறார்கள்: ஊர் பெரிதா சிறிதா என்பதைப் பொறுத்து இது மாறுபடும். ஹிஜ்ரி 478இல் மறைந்த அப்பெரியார் வாழ்ந்தது நைஸாபூரில். அது அக்காலத்துப் பெருநகரம். பட்டணம் என்றால் என்னவென்று அறிந்தே சொல்லியிருக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் பட்டணத்து நண்பர் ஒருவர், “பார்த்தீர்களா, பெரிய ஊர்க்காரர்களுக்குச் சலுகை உண்டு” என்று மகிழ்ந்தார். சலுகை உண்டுதான். திருவொற்றியூரில் நடந்தது தெரியவில்லை என்று தாம்பரத்தில் இருப்பவர் சொன்னால் ஏற்கலாம். ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டிருப்பவருக்கு இச்சலுகை எப்படிப் பொருந்தும்? எங்கள் ஊரில் இரு வீடுகளுக்கு நடுவே ஒரு தென்னந்தோப்போ ரப்பர் தோட்டமோ இருக்கும். திருவல்லிக்கேணியில் அடுத்த அறைக்காரர் இருமினால் நம் காதில் விழும். அருகிருப்பதைக் கொண்டு கணக்கிட்டால் பட்டணத்தானுக்கே பொறுப்பு அதிகம்.

சென்னையில் சில காலம் இமாமத் செய்தபோது கண்டது இது. ஒரு மேன்ஷனில் எங்கள் ஜில்லாப் பிள்ளையொருவன் மஞ்சள்காமாலையில் நான்கு நாள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தான். பக்கத்து அறைக்காரர்கள், “ஊருக்குப் போயிருப்பான் என்று நினைத்தோம்” என்றார்கள். கண்டுபிடித்தவர் எங்கள் மோதினார். இஷாவில் இரண்டாவது ஸஃப்பின் ஓரத்தில் அவன் வழக்கமாக நிற்கும் இடத்தில் மூன்று இரவுகளாக வேறு யாரோ நிற்பதைக் கவனித்தார். அவன் தங்குமிடத்தைக் கேட்டுக் கேட்டுப் போய்க் கதவைத் தட்டினார். பிள்ளை பிழைத்துக்கொண்டான், அல்ஹம்துலில்லாஹ்.

மோதினார் செய்ததற்கு ஸுன்னத்தில் முன்மாதிரி உண்டு. மஸ்ஜிதுந் நபவீயைப் பெருக்கி வந்த பெண்மணி ஒருவரைக் காணாதபோது, நபி (ஸல்) அவர்களே அவரைப் பற்றி விசாரித்தார்கள். இறந்துவிட்டார் என்று அறிந்ததும், தமக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டு, அவருடைய கப்ருக்குச் சென்று தொழுதார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் வரும் செய்தி இது. யாரும் வந்து சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஓர் ஆள் குறைவதை அவர்களே கண்டு கேட்டார்கள்.

“அடுத்தவர் விஷயத்தில் தலையிடக்கூடாது, துருவி ஆராய்வதைக் குர்ஆனே தடுத்திருக்கிறது” என்று சிலர் கூறுவர். ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனத்தில் அத்தடை இருப்பது மெய். தடுக்கப்பட்டது குறையைத் தேடுவது, தேவையைத் தேடுவதன்று. எங்கள் ஊர்க்காரர்கள் இவ்விரண்டையும் கலந்து செய்கிறார்கள். மீன் குழம்பு முதல் மாப்பிள்ளை வீட்டு வரவுசெலவு வரை அவர்களுக்கு எல்லாம் வேண்டும். பட்டணத்தார் இரண்டையும் சேர்த்தே விட்டுவிட்டார்கள். தண்ணீர் லாரி வரிசையில் நிற்கும் பெண்கள் மட்டும் விதிவிலக்கு. எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கினால் போலீஸ் கேஸ் வரும் என்ற அச்சம் ஒரு காலத்தில் நியாயமாக இருந்தது. உதவி செய்தவரைத் துன்புறுத்தலாகாது என்னும் வழிகாட்டுமுறைகளுக்கு 2016இல் உச்ச நீதிமன்றம் சட்டபலம் தந்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அதற்கென 134ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. ஆக, அந்தத் தடையும் இன்றில்லை.

தேடிச் செல்பவனுக்குப் பட்டணம் பெரிதாகவும் தெரிவதில்லை. திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் ரமளான் மாதத்தில் நோன்பு திறக்க வருபவர்களுக்குப் பல்லாண்டுகளாக உணவு சமைத்துக் கொண்டுவந்து பரிமாறுபவர்கள், மயிலாப்பூரிலுள்ள சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த இந்துக்கள். பிரிவினையின்போது சிந்துவிலிருந்து அகதியாக வந்த ஒருவர் தொடங்கியது அது. ஃபர்ளு கிஃபாயாவின் இலக்கணத்தை அவர்கள் எந்த மதரஸாவிலும் ஓதியதில்லை.

இன்னொரு மஸ்அலாவும் என்னிடம் கேட்கப்பட்டது. வாசலில் காவலாளி நின்று, பெயர் எழுதாமல் எவரையும் உள்ளே விடாத அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒருவர் துன்பப்பட்டால், வெளியேயுள்ள மஹல்லாவினர் பொறுப்பாவார்களா? அறிய வழியே இல்லாதவரை அவர்கள் மீது குற்றமில்லை என்பது என் கருத்து. அந்தக் குடியிருப்பே அப்போது ஓர் ஊராகிவிடுகிறது. “எல்லாரும்” என்பது உள்ளே இருப்பவர்கள்தாம். அண்டை வீட்டார் என்போர் நாற்புறமும் நாற்பது வீடுகள் என்றார்கள் ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள். அடுக்குமாடியில் மேலும் கீழும் வேறு உண்டே! அப்படி எண்ணத் தொடங்கினால் அந்தக் கட்டடத்தில் ஒரு கதவும் விடுபடாது.