வழியை மறித்தது யார்?



பெப்ருவரி மாதம் 11ஆம் தேதி லூர்து மாதா திருநாள். திருச்சிராப்பள்ளியில் வாழும் நமக்கு இது அயலூர்த் திருநாள் அன்று. தெப்பக்குளத்தருகே, அர்ச். சூசையப்பர் கல்லூரியை ஒட்டி, லூர்து மாதா கோயில் ஓங்கி நிற்கிறது. கடைவீதிக்குப் போகும் போதெல்லாம் அதை நோக்கிச் சிலுவை அடையாளம் வரைந்துகொள்கிறோம். அந்த மாதா நமக்குக் கற்பிக்கும் பாடம் ஒன்று உண்டு. அதைக் கற்றோமா என்பதே இன்றைய கேள்வி.

1858ஆம் ஆண்டு, பிரான்சு தேசத்து லூர்து நகரிலே, தேவமாதா ஓர் ஏழைச் சிறுமிக்குப் பதினெட்டு முறை காட்சி தந்தார்கள். பெர்னதெத் என்னும் அச்சிறுமி இழைப்பு நோயாளி. அவள் தோண்டிய இடத்தில் சுரந்த தண்ணீரால் பலர் சுகமடைந்தார்கள், அவளோ சுகமடையவில்லை. கன்னியர் மடத்திலே நோயோடு கிடந்து, 1879ஆம் ஆண்டு, 35ஆம் வயதில் மரித்தாள். நோய் பாவத்தின் தண்டனை என்பவர்கள், தேவதாய் தேர்ந்துகொண்ட இந்தப் பிள்ளையைப் பற்றி என்ன சொல்வார்கள்?

ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் லூர்து நகருக்குப் போகிறார்கள். திருச்சபை ஆராய்ந்து புதுமையென்று அறிக்கையிட்ட சுகங்களோ எழுபதுக்குச் சற்றே அதிகம். மற்ற நோயாளிகள் வெறுங்கையாகத் திரும்பினார்களா? இல்லை. அங்கே பவனியிலும் பூசையிலும் சக்கர நாற்காலிக்கே முதலிடம். உலகம் பின்னுக்குத் தள்ளியவர்களை மாதாவின் வீட்டிலே முன்னுக்கு அழைக்கிறார்கள். குணமானாலும் ஆகாவிட்டாலும், தான் சர்வேசுரனின் பிள்ளை என்பதை அங்கே ஒரு நோயாளி கண்டுகொள்கிறான். அதனாலேயே அர்ச். இரண்டாம் அருள் சின்னப்பர், 1992ஆம் ஆண்டு, இந்தத் திருநாளையே உலக நோயாளர் தினமாக ஏற்படுத்தினார். அவரும் பின்னாளில் நடுக்குவாதத்தால் வருந்தினார். நடுங்கும் கையை உலகத்தின் கண்ணிலிருந்து ஒளிக்கவில்லை.

இனி, அர்ச். மாற்கு சுவிசேஷத்தில் உள்ள ஒரு நிகழ்ச்சியைப் பாருங்கள். கப்பர்நாகும் ஊரிலே சேசுநாதர் ஒரு வீட்டில் போதித்துக்கொண்டிருக்கிறார். நான்கு பேர் ஒரு திமிர்வாதக்காரனைச் சுமந்து வருகிறார்கள். உள்ளே போக வழியில்லை. வழியை மறித்தது யார்? பகைவர்களா? பரிசேயர் போட்ட பூட்டா? இல்லை. சேசுவின் வார்த்தையைக் கேட்க வந்த பக்தர்கள்தாம் வாசலை அடைத்து நின்றார்கள்! ஒருவனும் ஓர் அடி விலகவில்லை. அந்த நால்வரோ திரும்பிப் போகவில்லை. கூரையைப் பிரித்துக் கட்டிலை இறக்கினார்கள். வீட்டைப் பாழாக்கினீர்களே என்று ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை. அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டார் என்று சுவிசேஷம் சொல்லுகிறது.

பிரியமானவர்களே, வாசலை அடைத்து நின்றவர்களில் நானும் ஒருவன். ஒரு ஞாயிறு பூசையிலே, பிரசங்கத்தின் நடுவில், ஒரு பையன் உரக்கச் சத்தமிட்டான். "பிள்ளையைச் சற்று வெளியே கொண்டு போம்மா" என்று பீடத்திலிருந்தே சொன்னேன். அந்தத் தாய் எழுந்து போனாள். மாதங்கள் கழித்து அவள் வீடு சந்திக்கப் போனபோது, "இவன் வந்தால் பூசைக்கு இடைஞ்சல் சாமி. அதனால் ஒரு வாரம் அவர் வருகிறார், ஒரு வாரம் நான் வருகிறேன்" என்றாள். குற்றம் சொல்லும் குரலில் அல்ல, வழக்கத்தைச் சொல்லும் குரலில் சொன்னாள். பதினான்கு வயதாகியும் அந்தப் பையன் புதுநன்மை வாங்கவில்லை. அவனுக்கு மனவளர்ச்சி குறைவு. ஆனால் மேசையில் இருந்த சேசுவின் படத்தைக் காட்டியதும் கைகூப்பினான். நான் தலைகுனிந்தேன். அந்தத் தாயின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11 இலட்சத்து 80 ஆயிரம் மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள். அதாவது, சுமார் அறுபது பேருக்கு ஒருவர். அறுநூறு பேர் கூடும் பூசையிலே பத்துப் பேராவது இருக்க வேண்டும். எண்ணிப் பாருங்கள். அவர்கள் எங்கே? சிலர் கோயிலின் படிகளை ஏற மாட்டாமல் வீட்டில் இருக்கிறார்கள். சிலரை, பெண் பார்க்க வருகிறவர்களின் கண்ணில் படாதபடி, நாமே பின்கட்டில் வைத்திருக்கிறோம்.

காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போய்ப் பாருங்கள். அங்குள்ள பெரிய கோயிலிலே, நடக்க மாட்டாதவர்களைப் பேட்டரி வண்டியில் ஏற்றிச் செல்கிறார்கள். அம்மா மண்டபப் படித்துறையிலே பிள்ளைகள் வயதான தாயைக் கைத்தாங்கலாக ஆற்றில் இறக்குகிறார்கள். அயலார் செய்யும் இந்த நன்மையைக் கண்டு மகிழ்வோம். சற்று வெட்கமும் படுவோம். பொதுக் கட்டடங்களில் தடையின்றி நுழைவது இவர்களுடைய உரிமை என்று 2016ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்லுகிறது. தர்மம் என்று நாம் நினைத்தது கடமையாய் இருக்கிறது.

ஆகையால் மூன்று காரியங்கள். முதலாவது, நம் கோயிலின் பக்க வாசலில் சாய்தளம் கட்டுவோம். கொத்து வேலை அறிந்தவர்கள் தவக்காலம் தொடங்குமுன் என்னை வந்து பார்க்கவும். இரண்டாவது, முன் வரிசை பெஞ்சு இரண்டு இனி இவர்களுக்கும் இவர்கள் குடும்பத்தாருக்கும் உரியவை. யாராவது சத்தமிட்டால் திரும்பிப் பார்க்காதீர்கள். பிரசங்கம் சற்று நிற்கட்டும், மோசமில்லை. மூன்றாவது, "என்ன பாவம் செய்தார்களோ" என்ற சொல் இந்தப் பங்கில் யார் வாயிலும் வரக்கூடாது. பிறவிக் குருடனைக் குறித்து அப்போஸ்தலர்கள் கேட்டபோதே ஆண்டவர் அதை மறுத்துவிட்டார்.

லூர்து மாதா திருநாள் பூசையில் அந்தப் பையனுக்குப் புதுநன்மை கொடுக்கத் தீர்மானித்திருக்கிறேன். அன்று அவனுடைய தகப்பனாரும் தாயாரும் சேர்ந்தே வருவார்கள். நீங்களும் வாருங்கள். வாசலில் சற்று விலகி நில்லுங்கள்.

லூர்து மாதாவே, எங்கள் நோயாளிகளுக்கு ஆறுதலாயிரும். எங்கள் இருதயக் கதவைத் திறந்தருளும். ஆமென்.

உங்கள் பங்குச் சுவாமி