எண்ணுவோரும் எண்ணப்படுவோரும்

காவிரியின் வடகரையிலே முசிறி. அங்கே கோரை பாயாகிறது. நாளை அந்தத் தறியின் முன், திருச்சியிலிருந்து மாணவரொருவர் கணினியுடன் வந்து நிற்கக்கூடும். "அம்மா, நாளொன்றுக்கு எத்தனை பாய்? கூலி என்ன? கடன் உண்டா?" என்று கேட்கக்கூடும். பெருந்தரவு பயிலும் மாணவர், வாழ்க்கையிலிருந்தே செய்தி திரட்டி ஆய்வு முடிக்கவேண்டும் என்பது இன்று பல பல்கலைக்கழகங்களின் ஏற்பாடு. நல்ல ஏற்பாடு! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை நம் பாட்டிமார் என்றோ அறிவர். பட்டம் வழங்குவோர் அறியத்தான் நாளாயிற்று.

ஆனால், அந்த அம்மையார் அளித்த விடை யாருடைய உடைமை?

1916ஆம் ஆண்டிலேயே எழுந்திருக்க வேண்டிய கேள்வி இது. சென்னைப் பல்கலைக்கழகத்திலே இந்தியப் பொருளியலுக்கு முதற் பேராசிரியராக வந்த கில்பர்ட் சிலேட்டர், மாணவர்களிடம் வினாத்தாளைத் தந்து சிற்றூர்களை ஆராயச் செய்தார். அவர்கள் திரட்டியவை 1918இல் நூலாயின. தென்னார்க்காட்டு இருவேல்பட்டிலே, திருமணத்திற்கென வாங்கிய சிறுகடன் படியாளை மிராசுதாரரிடம் வாழ்நாளெல்லாம் பிணைத்து வைத்த கொடுமை அதிலே பதிவாகியிருக்கிறது. தலையெழுத்து என்று சொல்லப்பட்டது, தாளிலே ஏறியதும் கடன்கணக்காகக் காட்சியளித்தது! எண்ணுக்கு உள்ள ஆற்றல் அது. அதனை நாம் போற்றுகிறோம். 1936-37இல் தாமசும் இராமகிருட்டிணனும் அவ்வூர்களை மீண்டும் ஆராய்ந்தனர். அதன் பின்னரும் இருவேல்பட்டுக்கு ஆய்வாளர் சென்றவண்ணமே இருந்தனர். எனினும் அந்த 1918ஆம் ஆண்டு நூல் ஆங்கிலத்திலே இருந்தது. தன் கடனைச் சொன்ன படியாள் அதனைப் படித்திருப்பானா?

அன்று அச்சேறிய எண் நூலகத்திலே உறங்கிற்று. இன்றைய எண் உறங்குவதில்லை. வேறு பட்டியல்களோடு சேர்கிறது. யாருக்குக் கடன் தரலாம், யாருக்கு உதவித்தொகையை நிறுத்தலாம் என்று கணிக்கும் பொறிக்கும் அது தீனியாகலாம். "பெயரை நீக்கிவிட்டோமே" என்பர். கணவனை இழந்தவர், பெண்மக்கள் மூவர், தறி இரண்டு என்று எழுதினால் போதாதா? தெருவுக்கே தெரியும் அவர் யாரென்று!

சட்டம் காக்காதா எனலாம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. அச்சட்டமோ, தனி ஒருவரைப் பற்றிய முடிவெடுக்கப் பயன்படுத்தாமல், வகுக்கப்பட்ட நெறிகளின்படி நடக்கும் ஆய்வுக்கு விலக்களிக்கிறது. ஆய்வு நடக்கவேண்டுமே, விலக்கு தேவைதான். ஆயினும் சட்டம் விலகி நிற்கும் அந்த இடத்திலே மாணவரின் மனச்சான்று நிற்கவேண்டாமா? அதற்குப் பாடத்திலே எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம்?

நாம் கேட்பது பெரிதன்று. ஆய்வு முடிந்ததும் மாணவர் மீண்டும் முசிறிக்குச் செல்லட்டும். கண்டதைத் தமிழிலே, அந்தத் தறியருகே அமர்ந்து, படித்துக் காட்டட்டும். "இது தவறு தம்பி, மழைக்காலத்திலே இவ்வளவு பாய் ஓடாது" என்று அந்த அம்மையார் திருத்தினால், திருத்தம் கணக்கிலே ஏறட்டும். "இதை எழுதவேண்டாம்" என்றால் அடித்துவிடட்டும். இலட்சக்கணக்கான பதிவுகளை எப்படித் திருப்பிக் காட்டுவது என்று கேட்பவருண்டு. இலட்சத்தை விடுங்கள், தாமே நேரில் சென்று கேட்ட நாற்பது வீடுகளுக்குக்கூடவா வழி தெரியாது? பருவத்தேர்வுக்குள் நேரமில்லை என்பாரும் உண்டு. மறுபயணத்திற்கும் மதிப்பெண் உண்டென்று ஆசிரியர் அறிவிக்கட்டும், நேரம் பிறந்துவிடும்.

அப்படியின்றி, அடுத்த ஆண்டு வேறொரு மாணவர் அதே வினாக்களோடு வந்து நிற்கும்போது, "போன ஆண்டு வந்த பிள்ளையும் இதைத்தானே கேட்டது, என்ன ஆயிற்று?" என்று அந்த அம்மையார் வினவினால், அவரிடம் எதை எடுத்துக் காட்டுவது?