பாரமாயிருக்க ஓர் ஆள்

காற்று பலத்து அடிக்கும் நாளில் ஹோபி 16 படகில் இரண்டாவதாக ஏறுபவருக்கு, முன்பாயின் கயிற்றைப் பார்த்துக்கொள்வது போக, ஒரே வேலைதான்: பாரமாக இருப்பது. அம்மாவிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். "யாருக்கும் பாரமா இருந்துடக் கூடாது" என்று வாழ்நாளெல்லாம் சொல்லிவருபவர் அவர். முழங்கால் தேய்ந்த பிறகும் கேஸ் சிலிண்டரைத் தானே உருட்டிக்கொண்டு போவார். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் வைராக்கியம்.

சிங்கப்பூரின் கிழக்குக் கரையில், நங்கூரமிட்டு நிற்கும் சரக்குக் கப்பல்களைப் பார்த்தபடி, வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இந்தப் படகில் போவது என் வழக்கம். இரண்டு ஒடுங்கிய மிதவைகள், நடுவே இழுத்துக் கட்டிய டிராம்பொலின், ஒரு பாய்மரம், இரண்டு பாய்கள். அலைச்சறுக்குப் பலகை செய்து பேர்வாங்கிய கலிஃபோர்னியாக்காரர் ஹோபி ஆல்ட்டரின் படகு வரிசையில் ஒன்று. நீளம் ஐந்து மீட்டர், அகலம் 2.4 மீட்டர், எடை 145 கிலோ. அடியில் ஈயமோ இரும்போ கட்டியிருக்காது. காற்று கவிழ்க்கப் பார்க்கும்போது எதிர்ப்பக்கம் அமுக்கிப் பிடிக்க ஆட்கள்தான். ஓரத்தில் உட்கார்ந்தாலும் போதவில்லை என்றால், பாய்மரத்தின் மேலிருந்து இறங்கும் கம்பியில் இடுப்புக் கொக்கியை மாட்டி, மிதவையின் விளிம்பில் காலை ஊன்றி, உடம்பு முழுவதையும் தண்ணீருக்கு மேலே நீட்டித் தொங்க வேண்டும். அதுதான் டிரப்பீஸ்.

கணக்கு எளிது. படகின் 145 கிலோ, கவிழும் பக்கத்து மிதவையிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி அமுக்குகிறது. வெளியே தொங்கும் 70 கிலோ ஆள் ஏறக்குறைய 3.4 மீட்டர் தள்ளி அமுக்குகிறார். பெருக்கிப் பாருங்கள், மொத்தப் படகையும்விட அந்த ஒற்றை ஆளின் பங்கு அதிகம். அவரைக் கடலில் விழாமல் பிடித்திருப்பது படகு. படகைக் கவிழாமல் பிடித்திருப்பது அவர். இதில் யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

புதிதாக வருகிறவர்கள் அனேகமாக எல்லோரும் கம்பியின் கைப்பிடியை விடமாட்டார்கள். வெளியே போகவும் உள்ளே வரவும் மட்டும் வைத்த கைப்பிடி அது. கொக்கி மாட்டிய பிறகும் அதையே இறுக்கிப் பிடித்து, முழங்காலை மடக்கி, பாதி உடம்பை உள்ளேயே வைத்திருப்பார்கள். சீக்கிரமே கை சோர்ந்துவிடும். படகு சாய, சுக்கான் பிடிப்பவர் பாயைத் தளர்த்த வேண்டியிருக்கும், வேகம் போகும். தன் பாரத்தைத் தானே சுமப்பதாக வீம்பு பிடிக்கும் அந்த ஆளால் படகுக்கு நயா பைசா பிரயோசனம் இல்லை. மிகுந்த மரியாதைக்காரர்கள்தான் இந்தப் பிடியை விடுவதற்கு அதிக நாள் எடுத்துக்கொள்கிறார்கள் என்பது நான் கவனித்த ஒன்று.

போட்டிப் படகில் இப்படித் தொங்கிக் காட்டிய முன்னோடிகளில் ஒருவர் பீட்டர் ஸ்காட், பின்னாளில் பறவைகளுக்காக வாழ்ந்து, உலக வனவிலங்கு நிதியத்தின் பாண்டா சின்னத்தை வரைந்தவர். 1938இல் ஜான் விண்ட்டருடன் சேர்ந்து பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கோப்பையை வென்றார். உடனே அவர் ஓட்டிய வகைப் படகுகளில் டிரப்பீஸுக்குத் தடை போட்டார்கள். அந்தத் தடை நீங்கப் பல பத்தாண்டுகள் ஆயின. அவர் தந்தை, 1912இல் அண்டார்டிகாவில் மாண்ட கேப்டன் ஸ்காட். நாய்களை நம்புவதைவிட, மனிதர்களே வாரைப் பூட்டிக்கொண்டு சறுக்குவண்டியை இழுப்பதை உயர்வாக எண்ணியவர். அப்பா வார் பூட்டியது பாரம் இழுக்க, பிள்ளை வார் பூட்டியது பாரமாய்த் தொங்க. இதில் பெரிய தத்துவம் இருப்பதாகச் சாதிக்கமாட்டேன், ஆனாலும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நம் கடலோரத்தில் இப்படி ஆளையே பாரமாக்குவது புதுச் சங்கதியே அல்ல. தொண்டிப் பக்கத்துப் பாய்மரப் படகுகளில் காற்று வரும் பக்கமாகப் பலகையை நீட்டி, ஆட்கள் அதன்மேல் ஏறிக்கொள்வார்கள். இலங்கையின் பழைய பாய்த் தோணிக்காரர்கள் காற்றின் வேகத்தையே ஆள்கணக்கில் சொன்னார்களாம்: ஓராள் காற்று, ஈராள் காற்று.

எவ்வளவு தொங்குவது என்பதற்கு நிலையான அளவு கிடையாது. கம்பியின் கைப்பிடிக்குக் கீழே சின்னக் கயிறும் அதைக் கவ்வும் கிளீட்டும், கடைசியில் கொக்கிக்கான வளையமும் இருக்கும். வளையத்தைக் கீழ்நோக்கி இழுத்து வைத்திருப்பது டிராம்பொலினுக்கு அடியில் ஓடும் ரப்பர் கயிறு. அது தொய்ந்துவிட்டால் அவசரத்துக்கு வளையம் கையில் சிக்காது; மாட்டினாலும் உள்ளே வந்து உட்கார்ந்ததும் தானே கழன்றுகொள்ளும். கடல் சமனாக இருந்தால் கயிற்றை இறக்கி, ஏறக்குறையப் படுத்த நிலையில் தொங்கலாம், அமுக்கம் கூடும். அலை எழுந்தால் அதே உயரத்தில் முதுகில் அறை விழும், கால் வழுக்கும். அப்போது ஏற்றிக் கட்ட வேண்டும். காற்று திடீரென்று செத்தால் உடனே உள்ளே வர வேண்டும். சுக்கான் பிடிப்பவரும் நம்மைக் கேட்காமல் படகைத் திருப்பக் கூடாது. திருப்பினால் முன்பக்கமாக வீசியடிக்கப்படுவது நாம்தான். சாய்கிறவருக்கு இருக்கும் பொறுப்பு தாங்குகிறவருக்கும் உண்டு. வீடுகளில் இதைப் பேசாமலே விட்டுவிடுகிறோம்.

படகு கவிழும்போது கம்பியோடு மாட்டிக்கொண்டு அடியில் சிக்கும் ஆபத்தும் உண்டு. அதனால் ஒரே இழுப்பில் விடுபடும் கொக்கிகள் வந்துவிட்டன. போட்டி விதிகளும் இப்போது அதைக் கேட்கின்றன. அந்தக் கொக்கியைப் பார்த்தபோதுதான் அம்மாவின் பயம் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது. என் பாட்டியைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர் அவர். கூடத்துக் கட்டிலில் கிடந்தவரின் காதுபடவே உறவுக்காரர்கள் என்னென்ன பேசினார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். சாய்வதற்கு அவர் அஞ்சவில்லை, சாய்ந்தபின் கழற்றிக்கொள்ள வழி இல்லாமல் போவதற்குத்தான் அஞ்சுகிறார்.

முழங்கால் வைத்தியத்துக்கு இங்கே வந்து எங்களோடு இரு என்று பல தடவை கூப்பிட்டும் வராதவர், இந்த முறை ஒத்துக்கொண்டார். "வர்றேன். ஆனா ரிட்டர்ன் டிக்கெட்டு என் பையிலதான் இருக்கணும்" என்றார். பிரிண்ட் எடுத்து அனுப்பிவைத்தேன். திரும்பும் தேதியை அவரே மாற்றிக்கொள்ளக்கூடிய வகை. விலை கொஞ்சம் கூட.