துறவும் கந்தையும்

உடுத்திய துணியை எப்போது கைவிடலாம் என்பது இல்லறத்தாரின் சிக்கனத்தைச் சேர்ந்த சிறு விஷயம் என்று எண்ணுகிறவர்கள், பௌத்த சங்கத்தின் ஒழுக்க விதிகளைத் தொகுத்துரைக்கும் விநய பிடகத்தைப் புரட்டிப் பார்ப்பார்களானால், பற்றறுத்தலையே வாழ்க்கையாகக் கொண்ட பிட்சுக்கள் ஒரு முழத் துணியைக் குறித்து எத்தனை விரிவாக விசாரம் செய்திருக்கிறார்கள் என்று கண்டு வியப்படைவார்கள். எந்தத் துணியை ஏற்கலாம், எவ்வாறு வெட்டித் தைக்கலாம், எதனால் சாயமேற்றலாம், கிழிந்த இடத்தில் எப்படி ஒட்டுப் போடலாம் என்பதெல்லாம் அங்கே விதியாகியிருக்கின்றன. பிட்சு வைத்துக்கொள்ளத்தக்க எட்டுப் பொருள்களில் ஊசியும் ஒன்று. உலகத்தையே வேண்டாமென்று விட்டு வந்தவனுக்கு ஊசி எதற்கு?

இதற்கு விடை தரும் வரலாறு ஒன்று சுல்லவக்கம் என்னும் பகுதியில் வருகிறது. புத்தர் பரிநிர்வாணம் அடைந்து, பிட்சுக்களின் முதலாம் பேரவை கூடி முடிந்தபின், புத்தரின் சீடரான ஆனந்தர் கோசாம்பி நகரத்தை அடைந்து அரசனது பூஞ்சோலைக்கு அருகில் ஒரு மரத்தடியில் அமர்ந்திருந்தார். அந்த அரசன், பெருங்கதையின் தலைவனாகத் தமிழர் நன்கறிந்த உதயணன். அவனுடைய தேவியர் ஆனந்தரிடம் தரும உபதேசம் கேட்டு மனங்கனிந்து 500 மேலாடைகளைக் காணிக்கையாக அளித்துவிட, அதையறிந்த மன்னன், சிரமணர் ஒருவர் இத்தனை துணியை வாங்கலாமா, துணிக்கடை திறக்கப் போகிறாரா என்று சினந்து நேரிலேயே வந்து கேட்டான். ஆடை நைந்துபோன பிட்சுக்களுக்குப் பகிர்ந்து கொடுப்பேன் என்றார் ஆனந்தர். அவர்களுடைய பழைய ஆடைகள் என்னாகும் என்று மன்னன் விடாமல் வினவ, அவை படுக்கையின் மேல்விரிப்பாகும் என்றும், பழைய விரிப்புகள் மெத்தையுறையாகும் என்றும், பழைய உறைகள் தரைவிரிப்பாகவும், அவை கால் துடைக்கும் துணியாகவும், அவை பின்னர் தூசி தட்டும் துணியாகவும் ஆகுமென்றும், அதுவும் இற்றபிறகு துண்டு துண்டாக நறுக்கிக் களிமண்ணோடு பிசைந்து தரை மெழுகுவோம் என்றும், சற்றும் தயங்காமல் அவர் அடுக்கிக்கொண்டே சென்றார். மன்னன் மகிழ்ந்து இன்னும் 500 ஆடைகளை அளித்தான்.

இந்த உரையாடலில் என்னை ஈர்ப்பது ஆனந்தரின் சிக்கனம் அன்று; ஒரு துணியின் ஏழு பிறவிகளையும் முன்னதாகவே அறிந்திருந்த அவர், அவற்றில் ஒன்றையேனும் தமதென்று கருதவில்லை என்பதே. சிரத்தையோடு கொடுக்கப்பட்ட தானத்தைப் பாழாக்குவது சங்கத்தில் குற்றமாகக் கருதப்பட்டது. பொருளில் பற்றில்லாதவனே அதன் பயன் முடியும் வரை பொறுமையோடு உடன் இருக்கிறான். ஆசை வயப்பட்டவனோ அடுத்ததை நாடி, கையிலிருப்பதை உதறிவிடுகிறான். பெட்டி நிறையப் புத்தாடைகளைச் சேர்ப்பதும், இரண்டு முறை உடுத்தியதை எறிவதும் ஒரே வேட்கையின் இரு செயல்கள். கீதையின் 2-ஆம் அத்தியாயத்தில் ஆன்மா உடலை நீத்து வேறுடல் கொள்வதற்கு ஆடை மாற்றுதல் உவமையாகிறது. அங்கும் களையப்படுவது ஜீர்ணமான ஆடையே என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ஆயினும், எறிவதும் எரிப்பதும்கூடத் தியாகமாகலாம் என்பதற்குக் காந்தியடிகளே சாட்சி என்று சிலர் கூறக்கூடும். 1921 ஜூலை 31-இல் பம்பாயில் அந்நியத் துணிகளை அவர் தீயிலிட்டபோது, அந்தத் துணி தேவைப்படுகிறவர்களுக்கே உரியது, எரிக்க நமக்கு உரிமையில்லை என்று ரவீந்திரநாத தாகூர் ஆட்சேபித்தார். ஆடையில்லாதவனுக்கு வேலை கொடுக்காமல் நாம் வேண்டாமென்று கழித்த துணியைக் கொடுப்பது அவனை அவமதிப்பதாகும் என்பது காந்தியடிகளின் கருத்து. எரித்ததைப் பொறுத்தவரை என் மனம் தாகூரின் பக்கமே சாய்கிறது. ஆனால் காந்தியடிகளின் அந்த ஒரு வாதம் இன்று முன்னிலும் கூர்மையாகத் தைக்கிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தானமென்று கொடுக்கப்படும் உடைகளில் பெரும்பகுதி கப்பலேறி, கானா நாட்டு அக்ரா நகரத்தின் கந்தமாந்தோ சந்தை, சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனம் போன்ற இடங்களுக்குப் போய்ச் சேருகிறது. அங்கே விலைபோகாதது குப்பையாகக் குவிகிறது. ஆனந்தரோ தம்மோடு ஒரே அறத்தில் நின்றவர்களுக்குத் தாம் உடுப்பதையே கொடுத்தார். தம் குப்பையை அயலான் வாசலில் இறக்கவில்லை.

நம் நாட்டில் ஹரியானாவிலுள்ள பானிபட்டில், வெளிநாட்டுப் பழைய கம்பளி உடைகளை நிறம் பிரித்து, பொத்தானையும் ஜிப்பையும் அறுத்தெடுத்து, கிழித்துப் பஞ்சாக்கி, மறுபடி நூற்றுப் போர்வைகளாக நெய்கிறார்கள். மதிக்கத்தக்க உழைப்பு அது. ஆனால் உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், உடைக்கெனப் பயன்படும் மூலப்பொருளில் மீண்டும் உடையாகத் திரும்புவது நூற்றில் 1 பங்குக்கும் குறைவு என்று எல்லன் மெக்கார்தர் அறக்கட்டளை 2017-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. விற்காத துணிகளை வியாபாரிகள் அழிக்கக் கூடாதென்று பிரான்ஸ் 2020-இல் சட்டம் இயற்றியது. விற்றுப்போனபின் அலமாரியில் கிடப்பதை அந்தச் சட்டம் தொடாது.

இவை எல்லாவற்றிலும் கடினமான சிக்கல் நூலிலேயே இருக்கிறது. கோசாம்பியின் தேவியர் அளித்த துணி செடியிலோ பிராணியிலோ பிறந்தது; ஆகையால் மண்ணோடு பிசைந்தால் மண்ணாயிற்று. இன்று நாம் மிகுதியாக உடுத்தும் பாலியஸ்டர் பெட்ரோலியத்திலிருந்து பிறப்பது. துவைக்குந்தோறும் நுண்ணிழைகளை நீரில் உதிர்ப்பது. மண்ணில் புதைத்தாலும் பன்னெடுங்காலம் மக்காமல் கிடப்பது. அத்தகைய 500 ஆடைகளை ஒருவர் இன்று ஆனந்தரிடம் அளித்தால், உதயணனின் கேள்விகளில் ஆறுக்கு அவர் முன்போலவே விடை கூறுவார். ஏழாவதற்கு விடைகூறும் கடமை, அந்த நூலை உண்டாக்கி விற்றவர்களைச் சேர்ந்தது.